கோட்டோடு வந்த கட்சி

யாழ்ப்பாணத்தில் ஆயுத இயக்கங்களுக்குத் தப்பிக் கனடாவின் மொன்றியலுக்கு வந்த தெய்வேந்திரத்தார், இங்கே கோயில் நிர்வாக சபைக்காரர் ஆள் சேர்க்க வந்தாலே குளியலறைக்குள் புகுந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தேவாலயச் சந்தையில் பழைய குளிர்காலக் கோட்டு ஒன்று வாங்கினார். அதில் விளங்காத எழுத்துகளோடு சிவப்பு எனாமல் பட்ஜ் ஒன்று குத்தியிருந்தது. வடிவாக இருக்கிறதே என்று கழற்றாமல் விட்டார்.

அன்றிலிருந்து கீழ்வீட்டு உக்ரேனியக் கிழவர் போதான் அவரோடு கதைப்பதில்லை.

ஒருநாள் தெய்வேந்திரத்தார் அவரை லிப்டில் மறித்துக் காரணம் கேட்டார். கிழவர் பட்ஜைக் காட்டினார். அது இங்கே குடியேறிய உக்ரேனியரின் பழைய கட்சியொன்றின் சின்னமாம். போதானின் கட்சி அதிலிருந்து உடைந்து வந்ததாம்.

“ஏன் உடைந்தது?”

“அது மறந்துவிட்டது. ஆனால், அவர்கள் துரோகிகள்.”

தெய்வேந்திரத்தாருக்கு ஊரில் நிற்பதுபோல வியர்த்தது. பட்ஜைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார். கிழவர் கண்கலங்கி அவரைக் கட்டிப்பிடித்தார். “கடைசியில் எங்கள் பக்கம் வந்துவிட்டாய்!” என்று தன்னுடைய நீலப் பட்ஜைக் கழற்றி அவருக்குக் குத்திவிட்டார்.

வீட்டில் மனைவி ஜெகதீஸ்வரி கோட்டைப் பார்த்தார்.

“என்னப்பா, சிவப்புப் போய் நீலமாக் கிடக்கு?”

“இயக்கம் மாறீட்டன்.”