அடுப்போரம் போட்ட தாள்கள்

எழுபதுகளின் தொடக்கம். குடியுரிமை இல்லாத, சிவப்பு அடையாள அட்டைக்காரரான என் கணவருக்கு வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒரே மாதத்தில், நான் பார்த்தேயிராத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று.

மூட்டை கட்டிக் கட்டிக் கை ஓய்ந்துபோனது. கிளம்பும் நாள் காலையில், பெட்டியில் இடமில்லாமல் பழைய தாள்களை அள்ளி அடுப்போரம் போட்டேன். அப்போது பக்கத்து வீட்டு மாரியாயி உள்ளே வந்தாள். என் கோழியைத் திருடிவிட்டாள் என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் கேட்க நான் ஏசியதிலிருந்து மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அந்தக் கோழி பிறகு தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து குஞ்சுகளோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவள் குனிந்து இரண்டு தாள்களை எடுத்தாள்.

"புள்ளைங்க சூராட் பெரானாக்கையா எரிக்கப் போறீங்க?"

"அவங்கப்பா பாஸ்போர்ட்டுலயே பேரு ஏறிருச்சு. இனி பொறந்த பத்திரம் எதுக்கு?"

"இங்க பொறந்த புள்ளைங்கக்கா. இது இருந்தாத்தான் ஒருநாள் திரும்பி வரலாம் லா."

அவற்றைத் துணிப்பைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். "அந்தக் கோழி..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க. லோரி வந்துரும், வேலையப் பாருங்க."

பதினாறு வருடங்கள் கழித்து, அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் என் மகன் மலேசியாவுக்குத் திரும்பினான். பத்திரமாக வைத்திருந்த கெட்டிக்காரத் தாய் என்று ஊரில் என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. மாரியாயி எடுத்துத் தந்த கதையை விளக்கிச் சொல்லத் தெம்பில்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குத் துணிவில்லை.