அக்காவுக்கு வார்த்த மேடை

என் மச்சான் அப்துல் முத்தலிப்புக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. சரவணம்பட்டிப் பக்கம் புது ஃபிளாட்டுக்குச் சமையல் மேடை வார்த்துத் தரச் சொல்லி யாராவது கூப்பிட்டால், டேப்பை எடுப்பதற்கு முன்பாகவே, "ஏனுங்க, ஊட்டுல பாத்திரம் கழுவறவங்களுக்கு எந்தக் கைப் பழக்கமுங்க?" என்று கேட்கிறார். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். பட்டறையில் அவரோடு வேலை பார்க்கும் சென்னிமலையண்ணன், பாய் ஏதோ புதுத் தொழில் நுணுக்கம் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் இதைக் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் இருந்துவிட்டு, ஊரில் உள்ள கையையெல்லாம் இப்போது விசாரித்து என்ன ஆகப்போகிறது?

மனிதர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா சாஜிதா பேகத்தைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளை ஒரு வேளை பட்டினி போட்டதில்லை, கை நீட்டியதில்லை. அவளுக்குத் தலைவலி என்றால் இவர் முகம் தொங்கிப்போகும். அப்படிப்பட்டவர்தான் இதையும் செய்தார். அதனால்தான் எனக்கு ஆற்றாமை அதிகம்.

அக்கா கோட்டைமேட்டிலிருந்து கல்யாணமாகிக் கணபதிக்குப் போனபோது மச்சான் ஒரு பவுண்டரியில் மோல்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பம்பு பாடிக்கு மண்ணில் அச்சு எடுப்பார். பவுண்டரி ஆட்டம் கண்டபோது இரும்பை விட்டுவிட்டுச் சிமெண்டைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு ஷெட். முதலில் வாஷ்பேசின், அப்புறம் காபிக் கடை மேசை, அப்புறம் சிங்க்கோடு சேர்ந்த சமையல் மேடை. மேடையில் ஓட்டை போட்டு ஸ்டீல் சிங்க்கை இறக்குகிற வேலை இல்லை இது. மேடையும் சிங்க்கும் ஒரே உடம்பாக, ஒரே நாளில் வார்ப்பது. இணைப்பே இருக்காது, அழுக்கு தங்காது, எறும்பு நுழையாது. பக்கத்தில் பாத்திரம் வைத்தால் தண்ணீர் தானாக சிங்க்குக்குள் வடிகிற மாதிரி வாட்டமும் அதிலேயே வந்துவிடும்.

ஆனால் இதைத் தலைகீழாகத்தான் வார்க்க வேண்டும். நாம் கை வைக்கிற வழவழப்பான முகம் அடியில் பலகையைப் பார்த்துக் கிடக்கும். சிங்க் கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி உட்கார்ந்திருக்கும். மோல்டில் வலப்பக்கம் வைத்தது வீட்டில் இடப்பக்கம் வரும். இந்தக் கணக்கில் மச்சானுக்குத் தடுமாற்றமே வராது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் போவாரே தவிர, மோல்டில் ஒரு பலகையை மாற்றி வைக்கமாட்டார்.

அக்காவுக்கு எல்லாம் இடது கை. வெங்காயம் அரிவதும், ஊசியில் நூல் கோப்பதும், சின்ன வயசில் என் முதுகில் நாலு வைத்ததும் அந்தக் கைதான். சாப்பிடுவது மட்டும் வலது கையில். அது மார்க்கத்தில் சொன்னது, அதில் அவளுக்கு ஒரு சங்கடமும் கிடையாது. சங்கடமெல்லாம் மற்ற வேலைக்குத்தான். பீச்சாங்கை, பீச்சாங்கை என்று பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பேச்சு மாமியார் வீடு வரைக்கும் கூடவே போனது. மச்சான் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை. அவர் செய்தது வேறு. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் ஒரு டம்ளரை நீட்டினால், பக்கத்தில் நின்று அடங்கின குரலில், "சாஜிதா, கை, கை" என்பார். அந்த அடங்கின குரல் அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்.

அவர்கள் மகள் யுஸ்ராவின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் அப்படித்தான் சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே கையை மாற்றினாள். மாற்றும்போது சர்பத் தளும்பிப் புதுச் சேலையில் கொட்டியது. எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். அக்காதான் என் கையைக் கிள்ளி அடக்கினாள்.

போன வருஷம் மச்சானுக்கு முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. பட்டறைக்குப் போகாமல் வீட்டோடு கிடந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டு அக்கா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் பாத்திரம் கழுவுவதை அவர் உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான்.

"ஏம்மா, ஒரு தட்டைக் கழுவிவைக்க ஏன் இந்தச் சுத்து சுத்தற?" என்று கேட்டாராம்.

"வாட்டம் அந்தப் பக்கமுல்லீங்க இருக்குது" என்றாளாம் அக்கா. "இடது கையில தேய்ச்சா தட்டு வலது கையில நிக்கும். வலப்பக்கம் வைக்கலாம்னா அடுப்பு. அப்புறம் கையை மாத்தி இந்தப் பக்கம் கொண்டாந்துதானே வைக்கோணும்."

"இத்தனை வருசமாவா?"

"பின்னே?"

மேலெல்லாம் ஈரமாக வந்து நிற்கிறாள், அடுப்பில் தண்ணீர் சொட்டவிடுகிறாள் என்று அவளை எத்தனையோ தடவை அவர் கடிந்திருக்கிறார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மேடை வார்த்துக் கொடுத்த மனிதர் தன் வீட்டு மேடையில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. அன்றைக்கு இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். கால் சரியானதும் முதல் வேலையாக உனக்குத்தான் வார்க்கிறேன், உன் கைக்குத் தக்க வார்க்கிறேன், அடுப்பை இடப்பக்கம் தள்ளிவிட்டு வாட்டத்தை வலப்பக்கம் வைக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் குரலே வேறாக இருந்தது. "சமீரா, என் கையைப் பத்தி அவரு குத்தமில்லாம பேசுனது இதுதான்டி முதல் தடவை" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள். மறுநாளே தட்டு வைக்கிற கம்பிக்கூடையைச் சமையலறையின் வலப்பக்கச் சுவருக்கு மாற்றி மாட்டிவிட்டாள். மேடை வர இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. அவள் கேட்டுப் பெற்றது என்று அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. இது கேட்காமலே வருகிறது என்று அவளுக்கு அத்தனை பூரிப்பு.

மோல்டு போடப்போகிற வாரம் மச்சானை வழியில் பார்த்தேன். "சென்னிமலையண்ணன்கிட்ட வெவரம் சொல்லிட்டீங்களா, மச்சான்?" என்றேன்.

"அவங்கிட்ட எதுக்கு கண்ணு? மோல்டை நானே போட்டுருவேன்" என்று வேறு பக்கம் பார்த்தார்.

"அக்காவுக்கு இடது கைன்னு சொல்றதுல என்னங்க குறைஞ்சு போகுது?"

"ஊட்டுப் பொம்பளைங்க சமாச்சாரம் பட்டறையில எதுக்குங்கறேன்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவரே குனிந்து நிமிர்ந்து மோல்டு போட்டார். பலகை, சிங்க் அச்சு, சரிவு எடுக்கிற வாட்டப் பலகை, மூலைக்கு மூலை சிலிக்கான். எல்லோருக்கும் வைக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வாட்டப் பலகையை வைத்தார். அதுதான் சரி. பிறகு ஜும்மா தொழுகைக்குப் போனார். வந்து கலவை போடலாம் என்று எண்ணம். திரும்பி வந்தால், சென்னிமலையண்ணன் கலவையை ஊற்றி, பலகையைச் சுற்றிலும் தட்டிக் காற்றுக் குமிழ் எல்லாம் போக்கி, மேலே மட்டக்கோல் இழுத்துக்கொண்டிருக்கிறார். பாய் ஊட்டு மேடையாச்சே, அவர் கால் வலியோடு குனிய வேண்டாம் என்று சோறுகூடத் தின்னாமல் செய்த வேலை.

"ஏனுங்க பாய், ஊட்டு நெனப்புல வாட்டப் பலகையை மாத்தி வெச்சுப்போட்டுப் போயிட்டீங்க" என்றாராம் அவர். "நல்லவேளை நான் பாத்தேன். எடுத்து சரியா வெச்சுட்டனுங்க. அப்புடியே ஊத்தியிருந்தா பீச்சாங்கைக்காரங்களுக்குத்தான் ஆயிருக்கும்."

ஷெட்டில் இருந்த ஆட்கள் சிரித்தார்கள். கலவை இன்னும் ஈரம். இறுக நேரம் இருந்தது. மண்வெட்டியால் வழித்துப் போட்டுவிட்டுப் பலகையை மாற்றி வைத்து மறுபடி ஊற்றியிருக்கலாம். அதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். என் சம்சாரத்துக்கு இடது கை, அவளுக்காகத்தான் அப்படி வைத்தேன். அவ்வளவுதான்.

மச்சானும் சிரித்தார். "நல்லதாப் போச்சு, சென்னிமலை" என்றார்.

இதையெல்லாம் மேடை வந்த பிறகு ஒருநாள் அவரே என் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். "வாய் வரைக்கும் வந்துச்சு கண்ணு. எல்லாரும் சிரிச்சுட்டிருந்தானுங்க. அந்தச் சிரிப்புல உங்கக்கா பேரைச் சொல்றதுக்கு மனசு வரல" என்றார். சொல்லிக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். பாவமாகத்தான் இருந்தது. அதற்காக நான் விட்டுவிடவில்லை. "அவங்க சிரிச்சது அக்காவைப் பாத்து இல்லீங்க மச்சான். நீங்க சிரிச்சதுதான் அக்காவைப் பாத்து" என்றேன்.

ஈரச் சாக்குப் போட்டு மூடி, தினமும் தண்ணீர் ஊற்றி, இறுகட்டும் என்று விட்ட நாளெல்லாம் அவருக்குள் இது கிடந்து அறுத்திருக்கிறது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்கு வேறு வார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். அக்காவிடமும் மூச்சு விடவில்லை. அவள் தினமும், "காஞ்சுதுங்களா?" என்று கேட்பாள். இவர், "ஆகுது, ஆகுது" என்பார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடை வந்தது. நானும் போயிருந்தேன். மழை மேகத்து நிறத்தில், தொட்டால் சில்லென்று, அத்தனை அழகு. சென்னிமலையண்ணனும் ஆட்களும் மூச்சுப் பிடித்துத் தூக்கிவந்து பொருத்தினார்கள். குழாய் மாட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, டீ குடிக்க வாசல் பக்கம் போனார்கள். அதுவரைக்கும் அக்கா முன்னறையில் இருந்தாள். மச்சான் சமையலறை மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா உள்ளே வந்து பிஸ்மி சொல்லிக் குழாயைத் திறந்தாள். ஒரு தட்டை எடுத்து இடது கையால் தேய்த்து அலசினாள். வலது கையில் இருந்த தட்டை வலப்பக்கம் கொண்டுபோனாள். அங்கே அடுப்பு வைக்க விட்டிருந்த சமதளம். தட்டை இறக்காமல் அப்படியே நின்றாள். பிறகு இடப்பக்கம் இருந்த வாட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குதுங்க" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. "என்னக்கா நல்லா வந்திருக்கு? மாத்திச் செஞ்சு கொண்டாந்து போட்டிருக்காரு, நீ வேற" என்று கத்திவிட்டேன்.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் சரியாத்தான் வெச்சேன். சென்னிமலை தப்புன்னு நெனச்சு மாத்திப்போட்டான்."

"அவருக்கு எப்புடிங்க தெரியும்?" அக்கா நிதானமாகக் கேட்டாள். "எனக்கு இடது கைன்னு நீங்க அவருகிட்டச் சொல்லலீங்களா?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உடைச்சுப்போட்டு வேற வார்த்துத் தாரேன், சாஜிதா" என்றார் மச்சான். "நாளைக்கே மோல்டு போடறேன்."

"வேற வார்க்கறது இருக்கட்டுங்க" என்றாள் அக்கா. "மேடைக்கு என்னங்க, இத்தனை வருசம் ஓட்டுனேன், இனியும் ஓட்டிக்குவேன். சென்னிமலையண்ணன் வாசல்லதான் நிக்கறாரு. இப்பப் போயி, எம் பொண்டாட்டிக்கு இடது கைன்னு சொல்லிட்டு வாங்க. எனக்கு அது போதும்."

மச்சான் தலையை ஆட்டினார். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வாசலுக்குப் போனார். நானும் அக்காவும் வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றோம். கழுவின தட்டு இன்னும் அவள் வலது கையில்தான் இருந்தது.

வாசலில் சென்னிமலையண்ணன் டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஏனுங்க பாய், அம்மணிக்குப் புடிச்சுதுங்களா?"

மச்சான் தொண்டையைச் செருமினார்.

"புடிச்சிருக்குதாம்" என்றார்.