கொக்கி உடைந்த பிறகு வருகிறவள்

எங்கள் தொழிலில் எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை யாரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். குழாய் வெடித்தால், சுவர் பிளந்தால், கிரேன் கொக்கி உடைந்தால் போய், ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இடத்தைப் பெருக்கி, பழியையும் ஒருவர் தலையில் கட்டி முடித்திருப்பார்கள். எல்லாம் முடிந்தபின் போய் நிற்கும் வேலை உங்களுக்கும் வாய்த்திருந்தால் என் பாடு புரியும்.

குளிப்பாட்டிய கொக்கி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு யார்டு. கிரேனின் கொக்கி உடைந்து, தூக்கிய தகட்டுக் கட்டு லாரி மேல் விழுந்திருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ்காரர்கள் எங்கள் ஆய்வகத்துக்குச் சொல்ல, ஆய்வகத்தை நடத்தும் சார் முதல்முறையாக என்னைத் தனியே அனுப்பினார்.

உடைந்த முகத்தை, அதாவது முறிந்த இடத்தின் பரப்பை, தொடவே கூடாது என்பது எங்கள் அரிச்சுவடி. அதிலுள்ள துருவும் அழுக்கும்தான் சாட்சி. நான் நுழைந்தபோது வெல்டர் பாபு அண்ணன், கீழே விழுந்த கொக்கித் துண்டை மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க" என்றால் போதும். எனக்குத்தான் புது மனிதர்களிடம் குரல் எழும்பாதே! "அண்ணா... அது வந்து..." என்று நான் இழுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. குங்குமப் பொட்டும் வைத்து, பளபளவென்று நீட்டினார்.

"நீங்க கை வெச்சுப் பாக்க சொல்லோ கலீஜா இருந்தா நல்லாவா கீது மேடம்? அதான் குளிப்பாட்டி வெச்சேன்!"

கேட்டுக்கு வெளியே

முதலாளி அண்ணாச்சிக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். மோர் கொடுத்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார், நான் கண்டுபிடிக்க வேண்டிய பதிலையும் அவரே சொல்லிவிட்டார்: ஆபரேட்டர் ஏழுமலை தாங்காத எடையைத் தூக்கிவிட்டான்.

ஏழுமலை கேட்டுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். விபத்து நடந்ததிலிருந்து உள்ளே விடவில்லை. ஆனாலும் தினமும் எட்டு மணிக்கு வந்துவிடுகிறார். 'ஆபரேட்டர் தவறு' என்று நான் எழுதினால், அந்த மார்க்கெட்டில் எந்த யார்டிலும் அவரைக் கிரேனில் ஏற்ற மாட்டார்கள். எப்போதும் தூக்குகிற கட்டுதான் தூக்கினேன் என்றார். பக்கத்தில் சாப்பாட்டு டப்பா இருந்தது.

"வூட்ல டப்பா கட்டிக் குடுக்குது, எடுத்துகினு வந்து இங்க குந்திக்கிறேன். நீங்க எழுதினப்புறம் வூட்ல சொல்லிக்கலாம்னு கீறேன் மேடம்."

சாரின் கேள்வி

சாருக்குப் போன் செய்தேன். சாட்சியை என் கண்ணெதிரே தேய்த்தார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று ஒப்புக்கொண்டேன். சார் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உடைஞ்சா ரெண்டு துண்டு ஆகும்மா. ஒண்ணைக் குளிப்பாட்டிட்டாங்க, சரி. இன்னொண்ணு எங்கே?"

இருபதடி உயரத்தில்

நிமிர்ந்து பார்த்தேன். கொக்கியின் மேல்பாதி கிரேனிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் எட்டாததால் தப்பியிருக்கிறது. பாபு அண்ணனும் நிமிர்ந்து பார்த்தார், பிரஷ்ஷைத் தேடினார். "யாரும் தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். பக்கத்து யார்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சூடாகிவிட்டது.

அதை இறக்கத் தெரிந்தவர் கேட்டுக்கு வெளியே இருந்தார். "அவன் ஏறக் கூடாது" என்றார் அண்ணாச்சி. அதைப் பார்க்காமல் நான் அறிக்கை எழுத முடியாது என்று தரையைப் பார்த்தபடியே சொன்னேன். யோசித்துவிட்டுக் கையசைத்தார். ஏழுமலை ஏறி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல இறக்கினார்.

உடைந்த முகத்தில் ஒரு பாதி செம்மஞ்சள் நிறப் புதுத் துரு. மறுபாதி பழைய துருவும் கிரீஸும் சேர்ந்து கறுத்திருந்தது. அந்தக் கறுப்பின் ஓரத்தில், உள்ளே இறங்கிக் காய்ந்துபோன மஞ்சள் பெயின்ட்! இல்லாத விரிசலுக்குள் பெயின்ட் இறங்காது. அப்படியானால் பெயின்ட் அடித்த அன்றே கொக்கி பாதி விரிசல் விட்டிருந்தது. எப்போது அடித்தீர்கள் என்று கேட்டேன். அண்ணாச்சி முகம் மலர்ந்தது.

"போன ஆயுத பூசைக்கும்மா. கொக்கிக்கு மட்டும் ஆளுகள விடமாட்டேன், நானே என் கையால பூசுவேன். சின்னக் கோடுகூட வெளிய தெரியாது, பாத்துக்கிடுங்க!"

உள்ளே வா

எடைச் சீட்டுகளைப் பார்த்தோம். கட்டின் எடை கிரேன் தாங்கும் அளவுக்குள்தான் இருந்தது. விரிசல் பழையது, பெயின்ட் அதை மறைத்துவிட்டது, ஆபரேட்டர் மேல் தவறில்லை என்று எழுதினேன். இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிட்டு, அண்ணாச்சிக்கான பிரதியை நானே எடுத்துப் போனேன். இரண்டு தடவை படித்தார். தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டுக்கு நடந்துபோய், "ஏல ஏழுமலை, வெயில்ல என்ன இருப்பு? உள்ள வா" என்றார். ஏழுமலை டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வரேன் அண்ணாச்சி. ஆனா இந்தப் பூஜைக்கு புதுக் கொக்கிக்கு பொட்டு மட்டும் வெச்சிக்கங்க, பெயின்ட் டப்பா வாணாம்."

நான் பார்த்தவரையில், ஒரு பொருளை உடைக்கிறவர்களைவிட அதை ஆசையாகத் துடைத்துப் பூசி வைக்கிறவர்களிடம்தான் எங்கள் தொழில் அதிகம் பயப்பட வேண்டியிருக்கிறது.