அத்தானுக்கு லைசன்ஸ் இல்லாத மாதம்

ஒரு வருடமாகக் காத்து வைத்திருந்த கோபத்தை இன்று தீர்த்துக்கொண்டேன்.

போன வருடம் அக்கா, அத்தானோடு சுவிஸிலிருந்து இத்தாலியின் லொம்பார்டிக்குப் போனோம். அங்குள்ள கிறிஸ்தவத் துறவிகளின் பழைய மடத்தைப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. கார் ஓட்டிய அத்தான் வாசலில் நிறுத்தவே இல்லை.

"பழைய சுவரில என்ன கிடக்கு? காரில இருந்தே தெரியுதுதானே, பார்."

பிறகு மலிவாகக் காலணி விற்கும் சப்பாத்துக் கடைகளில் இருட்டும்வரை நின்றார்.

இப்போது காரை வேகமாக ஓட்டிப் பிடிபட்ட அத்தானின் லைசன்ஸைப் பொலிஸார் பறித்துவிட்டார்கள். இன்று மறுபடி லொம்பார்டிக்குப் போனபோது ஸ்டியரிங் என் கையில்.

நேரே அந்த மடத்துக்குப் போனேன். தூண் தூணாகப் பார்த்தேன். துறவிகள் பாடி முடிக்கும்வரை அசையவில்லை.

"பிள்ளை, கடை பூட்டப் போறாங்கள்," என்று வாசலில் நின்று அத்தான் கெஞ்சினார்.

திரும்பும் வழியில் அந்தக் கடைகள் வந்தன. வேகத்தைக் குறைத்தேன், நிறுத்தவில்லை.

"காரில இருந்தே தெரியுதுதானே அத்தான், வடிவாப் பாருங்கோ."

அக்கா சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், கோத்தார்ட் சுரங்கப் பாதைக்கு முன்னால் ஒரு கோப்பிக் கடையில் இருந்து இதை எழுதுகிறேன். அத்தான் காரை விட்டு இறங்க மாட்டாராம்.

லைசன்ஸ் அடுத்த மாதம்தான் திரும்பக் கிடைக்கும். அதற்குள் பார்க்க லொம்பார்டியில் வேறு நல்ல மடங்கள் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.