பானையைக் கடலில் எறிந்த பண்டாரி

வன்னியபெருமாள் வாயைத் திறந்தால் வசவுதான் வரும். உடன்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்து முழங்கால் மடங்காமல் போனபிறகு, தூத்துக்குடிக்கு வந்து பாய்த்தோணியில் சமையல்காரனாக ஏறியவன். தோணியில் சமையல்காரனுக்குப் பண்டாரி என்று பேர். பாய்மரத்தில் ஏறமுடியாது, மூட்டை தூக்கமுடியாது. அந்த அடுப்பை விட்டால் கரையில் அவனுக்கு நாதி கிடையாது. அப்படிப்பட்டவன் கொஞ்சம் பணிந்து போவான் என்றுதானே நினைப்பீர்கள்? மூச்!

அடுப்பாவது அடுப்பு! தோணியின் பின்புறம் மணல் நிரப்பிய ஒரு மரப்பெட்டி, அதில் மூன்று கல், அவ்வளவுதான். காற்று வரும் பக்கம் சாக்கைக் கட்டி மறைத்துக்கொண்டு புகையில் வேகவேண்டும். அரிசியைக் கடல்தண்ணீரில் களைந்து, கடைசி அலசலுக்கு மட்டும் பீப்பாயிலிருந்து நல்ல தண்ணீர் எடுப்பான். உலையிலும் உப்புக்குப் பதிலாக ஒரு பங்கு கடல்தண்ணீர். மண்சட்டி அலைக்குத் தாங்காது என்பதால் உள்ளே ஈயம் பூசிய பெரிய செம்புப் பானை ஒன்றுதான். சோற்றை வடித்து மரத்தொட்டியில் கொட்டிவிட்டு, அதே பானையில் குழம்பு வைப்பான்.

தோணியை நடத்திய தண்டல் கிளாட்வினுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். தினமும் காலையில் பானைக்குள் தலையை விட்டுப் பார்ப்பார்.

"மூஞ்சி தெரியலியேலே. பண்டாரியா நீ, பன்னி மேய்க்கவனா?"

"ஈயம் மங்கலாத்தான் இருக்கும் அண்ணாச்சி. ரொம்பத் தேச்சா போயிரும்."

"எனக்குச் சட்டம் பேசுதியா? தேய்லே!"

வன்னியபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பளபளப்புதானே வேண்டும், இந்தா வாங்கிக்கொள் என்று தேங்காய் நாரில் பொடிமணலைத் தொட்டு வீம்புக்குத் தேய்த்தான். ஈயம் தேய்ந்து செம்பு சிவப்பாக எட்டிப்பார்த்தது. "இப்பம்தான் பானை மாதிரி இருக்கு," என்றார் தண்டல். அந்த மனுஷனுக்குச் சிவப்புதான் சுத்தம். பண்டாரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். புளி பட்டால் செம்பில் பச்சையாக விஷக் களிம்பு ஏறும் என்பது அவனுக்குத் தெரியும். சுடச்சுட வைத்து உடனே ஊற்றிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

யுத்தகாலம். கொழும்பில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் தோணியாகத் திரும்பும்போது நடுக்கடலில் காற்று செத்துப்போனது. விறகும் குறைந்தது. "ஒரே தடவையா ரெண்டு நாளைக்கும் சேத்துச் சோறும் குழம்பும் வச்சிரு," என்று தண்டல் உத்தரவு போட்டார். பண்டாரி ஏதோ முனகினான். "வாய மூடுலே" என்று பதில் வந்தது. சரி, கிடந்து சாவுங்கள் என்று புளிக்குழம்பை அந்தப் பானையிலேயே விட்டுவிட்டான்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டவன் ஒருவன் பாக்கியில்லாமல் வாந்தியெடுத்தான். தண்டல் கயிற்றுச் சுருளின்மேல் சுருண்டு கிடந்தார். பாய் கட்டும் ராமருக்கு வயிறு இழுத்துக் கண் செருகிவிட்டது. பண்டாரி எப்போதும் எல்லாருக்கும் பிறகு, மிச்சத்தைத் தின்கிறவன். அன்று மிச்சமில்லை. அதனால் அவன் ஒருவன் மட்டும் நேராக நின்றுகொண்டிருந்தான்.

"நீ மட்டும் எப்படிலே குத்துக்கல்லாட்டம் நிக்கே?" என்றான் நல்லக்கண்ணு, தோணியில் மூத்த ஆள். "என்னத்தலே கலந்தே?"

"ஒன் வாயில மண்ண. நான் என்னத்தக் கலக்கப்போறேன்?"

தண்டல் தலையைத் தூக்கினார். "சண்டைய விடுங்கலே. ராமருக்குப் புளித்தண்ணியக் காய்ச்சிக் குடு. வாந்தி நிக்கும்."

காய்ச்ச இருந்தது அந்த ஒரே பானை. வன்னியபெருமாள் குனிந்து பார்த்தான். அடியில் பச்சையாகக் களிம்பு படிந்திருந்தது. பேசாமல் காய்ச்சிக் கொடுத்துவிட்டால் பழி கெட்டுப்போன குழம்போடு போய்விடும், அடுப்பும் மிஞ்சும். உண்மையைச் சொன்னால் கரை சேர்ந்ததும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள். ராமர் "தண்ணி, தண்ணி" என்று அனத்தினான். வன்னியபெருமாள் புளியைக் கரைத்தான். பாழாய்ப்போன புத்தி, யார்மேல் உள்ள கோபத்தை யார் வயிற்றில் கொட்டிவிட்டோம் என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பானையைத் தூக்கிக் கடலில் எறிந்தான்.

"ஏ சண்டாளா!" என்று தண்டல் எழுந்தார்.

"அதுல களிம்பு ஏறியிருக்கு. ஈயத்த நாந்தான் தேச்சு எடுத்தேன். மூஞ்சி தெரியணும்னு கேட்டியள்லா, அந்த ஆத்திரத்துல எடுத்தேன். இனி அதுல ஒரு சொட்டு எவனுக்கும் தரமாட்டேன்!"

தண்டல் கன்னத்தில் விட்ட அறையில் பண்டாரிக்குக் காது அடைத்துப்போயிற்று. பிறகு பீப்பாய்த் தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு, ராமர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருந்தான். ராமர் பிழைத்தான். பானையில்லாத தோணியில் ஊறவைத்த அரிசியை மென்றுகொண்டு எல்லாரும் கரை சேர்ந்தார்கள். தூத்துக்குடியில் கால் வைத்ததும் பண்டாரியின் மூட்டையைத் தூக்கி வெளியே எறிந்தார்கள்.

துறைமுகம் பூராவும் கதை பரவிவிட்டது. களிம்பைப் பற்றி ஒருவனும் வாய் திறக்கவில்லை. பட்டினி போட்டான் என்பதுதான் பேச்சு. சொன்னவர்களில் ராமரும் ஒருவன். இன்னொரு தோணியின் தண்டல் செல்வதுரையிடம் போய் வேலை கேட்டான் வன்னியபெருமாள்.

"பானையக் கடல்ல எறிஞ்சவன் நீதான? அம்புட்டுப் பேரும் பசியில துடிச்சானுவளாமே."

"ஆமா அண்ணாச்சி," என்றான் வன்னியபெருமாள். "செத்திருந்தா பசிச்சிருக்காது."

செல்வதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு எந்தத் தோணியும் அவனை ஏற்றவில்லை.