ஃபுல் சார்ஜ் ஆட்டோவும் பாலத்து இறக்கமும்

இன்று காலை ராயபுரத்தில் ஒரு பேட்டரி ஆட்டோவில் ஏறினேன். முதல் சவாரி நான்தான். முன்னாலிருந்த திரை சார்ஜ் நூறு என்று காட்டியது.

"பிரேக்கே தேவயில்ல சார். ஆக்ஸிலேட்டர வுட்டா போதும், மோட்டாரே வண்டியப் புடிச்சுக்கும். அந்த வேகத்த கரண்ட்டாக்கி பேட்டரிக்கு அனுப்பிடும்" என்றார் டிரைவர்.

வேகத்தைக் குறைத்தால் சார்ஜ் இலவசமாம். இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம்தான்.

"இன்னா சார், நம்பாத மாரி பாக்கற? பதினஞ்சு வருசம் ஹார்பர்ல டிரெய்லர் ஓட்னவன் நானு. கியரக் கொறச்சா இன்ஜினே இழுத்துப் புடிக்கும். இதுவும் அதே மாரிதான்."

பாலத்து இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டார்.

வேகம் குறையவே இல்லை. முன்னால் போன கன்டெய்னர் லாரி நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசி நொடியில் பிரேக்கை ஏறி மிதித்தார். லாரிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

டிரைவர் சார்ஜ் திரையைக் காட்டினார்.

"பேட்டரி ஃபுல்லா கீது சார். வர்ற கரண்ட்ட எங்க வெக்கும்? அதான் புடிக்கல. டிரெய்லர்ல இந்த பேஜாரே இல்ல. இன்ஜின் எதையும் சேத்து வெக்காது, டேங்க் ரொம்பி இருந்தாலும் புடிக்கும்."

"இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். டிரெய்லர் பயக்கம், மறந்துபூச்சு."

இறங்கும்போது, "ரிட்டன் போவணும்னா கூப்டு சார்" என்றார்.

"சார்ஜ் எண்பதுக்கு எறங்கினதும் நீங்களே கூப்பிடுங்க" என்றேன்.

சார்ஜ் குறைவான ஆட்டோவாகப் பார்த்து ஏறுகிறவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தானா?