தீபத்துக்கு உள்ளே போனவன்

தசரதன் துப்புரவு மேஸ்திரி. திருவண்ணாமலைத் தேரடித் தெருவும் அதை ஒட்டிய சந்துகளும் முப்பது வருஷமாக அவர் வட்டாரம். விடிவதற்குள் ஆள் எண்ணி, ஆளுக்கொரு தெரு பிரித்துக் கொடுத்து, வராதவனைத் திட்டி, வந்தவனையும் திட்டி முடிக்கும்போது தொண்டை கட்டிவிடும். கோபமெல்லாம் குரலோடு சரி. உள்ளே இருந்தது வெறும் அலுப்பு.

எழுபத்தெட்டில் நகராட்சி இன்னொன்றையும் அவர் தலையில் கட்டியது. ஜெயிலிலிருந்து வந்தவர்கள் மறுபடியும் திருடப் போகாமலிருக்க, அவர்களைத் துப்புரவு வேலைக்கு எடுப்பது என்று தீர்மானம். ஒவ்வொருவனின் நடத்தையைப் பற்றியும் மேஸ்திரி மாசா மாசம் ஒரு வரி எழுதித் தர வேண்டும். இரண்டு வருஷம் விடாமல் வேலை பார்த்தால் நிரந்தரம். ஐந்து பேர் வந்தார்கள். ஒரு வருஷத்தில் நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, மிஞ்சியவன் சடையன்.

சடையன் கீழ்பென்னாத்தூர்க்காரன், ஜேப்படி கேஸ். வேலூர் ஜெயிலை இரண்டு தடவை பார்த்தவன். நாற்பது வயதுக்குமேல் துடைப்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டான். சொல்லாமலே சாக்கடையையும் தள்ளிவிடுவான். தசரதன் 'நன்று' என்று எழுதினார். அடுத்த மாசமும் அதையே எழுதினார். வேறு வார்த்தை தேட அவருக்குத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை.

கார்த்திகை வந்ததும் சிக்கலும் வந்தது. கொடியேற்றத்தோடு பழைய கேடிகளையெல்லாம் போலீஸ் சந்தேகக் கேஸில் அள்ளிக்கொண்டு போகும். தீபம் முடிந்துதான் விடும். ஊரறிந்த வழக்கம். போகிறவர்களே துண்டு மடித்துத் தயாராக இருப்பார்கள். ஆனால் துப்புரவு வேலைக்கு உயிரே அந்தப் பத்து நாள்தான். லட்சம் பேர் போட்ட எச்சில் இலையை யார் அள்ளுவது? அப்போது வராதவன் பேரை அடித்துவிடுவார்கள். எழுபத்தொன்பதில் சடையன் பேர் அடிபட்டது. தையில் புதிதாகச் சேர்ந்தான். எண்பதிலும் அதே கதை. சர்க்கார் ஒரு பக்கம் கொடுத்ததை இன்னொரு பக்கம் பிடுங்கியது. இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

எண்பத்தொன்றில் சடையன் மனைவி கன்னியம்மாள் மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. இந்தத் தீபத்தையும் அடுத்ததையும் தாண்டிவிட்டால் அவர் மனுஷராகிவிடுவார் என்றாள். தசரதன் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போய், பத்து நாளும் சடையன் தன் கண்ணெதிரில் இருப்பான் என்று கையெழுத்துப் போட்டார். ஏதாவது நடந்தால் உமக்கு பென்ஷன் கிடையாது மேஸ்திரி என்று ரைட்டர் சிரித்தார்.

ஒன்பது நாள் நல்லபடியாகப் போனது. பத்தாம் நாள் சாயங்காலம் மலைமேல் தீபம் ஏறியது. கூட்டம் மொத்தமும் கையைத் தலைக்குமேல் தூக்கி அரோகரா போட்டது. ஜேப்படிக்காரனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரு வருஷமும் அந்தத் தரிசனத்தை விடாத தசரதன் அன்று மலைப்பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் நின்ற சடையனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக் கண்ணீர் வழியக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்தில் அவன் வெளியே இருந்து பார்க்கிற முதல் தீபம் அது.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் சுருக்குப்பையைக் காணோம் என்று கத்தினாள். யோசிப்பதற்குள் தசரதனின் கை போய்விட்டது. கும்பிட்ட கையை மணிக்கட்டோடு பிடித்து இழுத்து, விரல்களைப் பிரித்துப் பார்த்தார். புழுதியைத் தவிர ஒன்றும் இல்லை. சுருக்குப்பை அந்த அம்மாளின் மகள் இடுப்பில் இருந்தது. சடையன் குனிந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டான். தசரதனுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. அந்த மாசம் 'மிக நன்று' என்று எழுதினார்.

மறுவருஷம் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், மறுபடியும் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போனார். இந்த ஒரு தீபம் தாண்டினால் தையில் நிரந்தரம். போனால், சடையன் அங்கே சுவரோரம் உட்கார்ந்திருந்தான். யாரும் பிடிக்கவில்லை, காலையில் தானாகவே வந்துவிட்டான் என்றார் ரைட்டர்.

தசரதன் அவன் எதிரே குந்தினார். "பத்தே நாள் சடையா. மூணாவது வாட்டியும் பேர அடிச்சாங்கன்னா மறுபடியும் எடுக்க மாட்டாங்க. எழுந்து வா."

"தெரியும் மேஸ்திரி." சடையன் குரலில் கோபம் இல்லை. "உங்க மேல தப்பு சொல்லல. ஆனா போன வருசம் தீபத்த நீங்களும் பாக்கல, என்னையும் பாக்க விடல. உள்ள இருந்தா அரோகரா சத்தமாவது கேக்கும், கும்புட்டுக்குவேன். கும்புடுற கையப் பிரிச்சிப் பாக்க அங்க யாரும் வர மாட்டாங்க."

தசரதன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தார். அந்தப் பத்து நாளும் சடையன் தெருவை அவரே பெருக்கினார். மேஸ்திரி எதற்குத் துடைப்பம் பிடிக்க வேண்டும் என்று கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தார். பதினோராம் நாள் சடையன் பேரை அடித்தார்கள்.